ரோமாபுரியில் தின்றது

பச்சியப்பன் காசை உரல் விளிம்பில் உரசினார். திருப்பிப் போட்டு மறுபடியும் உரசினார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை. பின்பக்கத்து அழுக்கு போய், உள்ளே இருந்த ஒரு சின்னக் குறி பளிச்சென்று தெரிந்தது. அதை மல்லையனின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது எந்த அம்மன், மாப்ள?"

"அங்கத்து அம்மனுங்க மாமா."

"சூலமில்ல. தலையில முக்காடு. பின்னாடி சிலுவை. கோவிலூர்ப் பக்கத்து வேதக்காரன் ஒருத்தன் சந்தையில புளிமூட்டை தூக்கறப்ப குனிஞ்சான். கழுத்துல இதே பொம்பள தொங்குனா."

பச்சியப்பன் மல்லையனின் அம்மாவுக்குத் தம்பி. அவர் மகள் ராமக்காவைத்தான் அவனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. அவளை அழைத்துப் போகத்தான் வந்திருந்தான். அந்த வீட்டுக்கு அதற்காக அவன் நடப்பது இது முதல் தடவை அல்ல. களத்து வேலை முடியட்டும் என்றார்கள். பிறகு மாசி பிறக்கட்டும் என்றார்கள். இப்போது, பட்டாளத்திலிருந்து வந்ததும் அவன் ராமக்காவின் கழுத்துக்குக் கொடுத்த காசு.

அத்தை குள்ளம்மாள் சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்ததும் மல்லையனுக்குப் புரிந்துவிட்டது. மோரில் உப்பில்லை. அவர்கள் பக்கத்தில், அறுந்துபோகக்கூடும் என்று நினைக்கிற உறவுக்கு உப்புப் போட்டுக் கொடுக்கமாட்டார்கள். வாசலுக்கு வந்தவனைத் தாகத்தோடு அனுப்பக் கூடாது. ஆனால் உப்பு போட்டுவிட்டால் பிறகு விலக்க முடியாது.

அவன் மோரை முழுவதும் குடித்துச் சொம்பைக் கீழே வைத்தான். கதவுக்குப் பின்னால் ராமக்காவின் வளையல் சத்தம் கேட்டது. அவள் வெளியே வரவில்லை.

"வெள்ளிக்கெழம வா" என்றார் பச்சியப்பன். "மாரியம்மன் கோயில்ல கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணு. வேதத்துல சேரலன்னு சொல்லு. இல்லன்னா அத்து வுட்டுட்டு வேற எடம் பாப்பேன்."

காசை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. இடுப்பில் முடிந்துகொண்டார்.

*

மல்லையன் நல்லம்பள்ளிக்கு மேற்கே ஒரு சின்ன ஊர்க்காரன். கொஞ்சம் மேட்டுக்காடு, ஒரு கிணறு. கல்யாணமான மறு வருஷம் கிணறு வறண்டது. சேலத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பக்கத்துக் காட்டு மாதுவோடு நடந்தே போனான். மார்பை அளந்தார்கள், பல்லைப் பார்த்தார்கள், இருவரையும் எடுத்துக்கொண்டார்கள். பாலம் கட்டுகிற, கண்ணி வெடி பொறுக்குகிற பட்டாளம். ராமக்கா அப்பன் வீட்டுக்குப் போனாள். அவன் கப்பலில் போனான்.

இத்தாலியில் அவனுக்குக் கொடுத்த வேலை மண்ணைக் குத்துவது. குப்புறப் படுத்து, துப்பாக்கிக் கத்தியைச் சாய்த்து மண்ணில் மெதுவாக இறக்க வேண்டும். இரும்பு தட்டினால் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு குத்துக்கும் ஆத்தா என்று மனதுக்குள் சொல்வான். மாமன் வீட்டுக் களத்துக்கு அப்பால், ஊர் எல்லை வேப்பமரத்தடியில் இருக்கும் மாரியம்மனைத்தான் சொன்னான். வேறு ஆத்தா அவனுக்குத் தெரியாது. அவனுக்கு இடதுபக்கம் குத்திக்கொண்டிருந்த ஒருவன் கண்ணி வெடித்துப் போய்விட்டான். இவன் போகவில்லை.

நாற்பத்தைந்தாம் வருஷம் தை மாதம் பனி கொட்டியது. சண்டை நின்ற இடத்தில் நின்றது. அவர்களைப் பின்னால் ஓய்வுக்கு அனுப்பினார்கள். ஒரு சனிக்கிழமை விடியும்போது லாரி வந்தது. ரோமாபுரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஞாயிறு இரவு திரும்பலாம் என்றார் ஹவில்தார்.

சும்மா ஊர் பார்க்கச் சர்க்கார் லாரி விடுமா என்று மல்லையனுக்குச் சந்தேகம். வெட்டப்போகிற ஆட்டுக்கு மாலை போடுவது போல இருந்தது. திரும்பி வந்ததும் இதுவரைக்கும் அனுப்பாத இடத்துக்கு அனுப்புவார்கள் என்று நினைத்தான். லாரியில் வழியெல்லாம் அதையே மாதுவிடம் சொன்னான். மாது கம்பளியை மூக்குவரை இழுத்துக்கொண்டு தூங்கினான்.

ஊரில் எல்லாமே கல். தெருவும் கல், சுவரும் கல், தெருவுக்குத் தெரு கல்லில் செய்த மனிதர்கள், பாதிப் பேர் துணியில்லாமல். தொட்டிகளில் தண்ணீர் தானாக மேலே எழும்பி விழுந்துகொண்டிருந்தது. அந்தக் குளிரில் அதைப் பார்க்கவே மல்லையனுக்குப் பல் கூசியது. யாரோ எங்கோ ஒளிந்திருந்து இறைக்கிறார்கள் என்று தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தான். பிறகு பாதி இடிந்த பெரிய வட்டக் கட்டடத்துக்கு அழைத்துப் போனார்கள். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஏதோ சொல்ல, ஹவில்தார் தமிழில் சொன்னார். அந்தக் காலத்து ராஜாக்கள் இங்கே மனிதர்களை உள்ளே விட்டுச் சிங்கத்தை அவிழ்த்துவிடுவார்களாம். ஊரே சுற்றி உட்கார்ந்து பார்க்குமாம். மல்லையன் எந்த வழியாக வெளியே ஓடலாம் என்று பார்த்து வைத்துக்கொண்டான்.

"பயப்படாத" என்றான் மாது. "இந்த ஊர்ல மனுசனுக்கே சோறில்ல. சிங்கம் எப்பவோ செத்திருக்கும்."

அது உண்மைதான். குழந்தைகள் பின்னாலேயே வந்து பிஸ்கட் கேட்டன. கோட்டுப் போட்ட பெரிய மனிதர் ஒருவர் குனிந்து, மாது எறிந்த சிகரெட் துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஒருவன் கேமராவைக் காட்டிக் கூப்பிட்டான். மல்லையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தப் படம் யார் கைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்.

ஒரு கிழவி கூடையில் காசுகள் வைத்து விற்றாள். மேலே வளையம் கோத்த சின்னக் காசுகள். ஒன்றில் ஒரு பெண் நின்றாள். இரண்டு கையிலிருந்தும் ஒளி கொட்டியது. காலடியில் பாம்பு. மல்லையன் நின்றுவிட்டான். அவர்கள் ஊரில் வசதியுள்ள பெண்கள் தாலிக் கயிற்றில் அம்மன் காசு கோத்துக்கொள்வார்கள். ராமக்காவுக்கு வெறும் தாலிதான். அவன் சிகரெட் பாக்கெட்டைக் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டான். பாம்பு இருக்கும்போது அம்மனைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்?

மறுநாள் காலை குளிர் எலும்புக்குள் இறங்கியது. கால் விரல்கள் மரத்துவிட்டன. ஒரு கோயில் கதவு திறந்திருந்தது. உள்ளே மெழுகுவத்திகளும் கூட்டமும். சூடாக இருக்கும் என்று மாதுவும் அவனும் நுழைந்தார்கள். கடைசியில் நின்றார்கள். மணி அடித்தது. ஜனங்கள் எழுந்து வரிசையாக முன்னால் போனார்கள். தீர்த்தமலைக் கோயிலில் பிரசாத வரிசை பார்த்தவனுக்கு அது என்ன வரிசை என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அவர்களும் போனார்கள். எல்லாரும் முட்டி போட்ட இடத்தில் முட்டி போட்டார்கள். பாதிரியார் வந்தார். மல்லையன் இடது கைமேல் வலது கையை வைத்துக் குழித்து நீட்டினான். பாதிரியார் நின்றார். அவனைப் பார்த்தார், சீருடையைப் பார்த்தார். பக்கத்துக் கிழவன் வாயைத் திறந்து காட்டினான். மல்லையனும் திறந்தான்.

நாக்கில் காகிதம் போல ஏதோ விழுந்தது. சர்க்கரை இல்லை, உப்பு இல்லை. மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாக்கால் சுரண்டி விழுங்கினான்.

திரும்புகிற லாரியில் மாது அதைப் பெருமையாகச் சொன்னான். ஹவில்தார் சிரிக்கவில்லை. அவங்க மதத்துல சேந்தவங்கதான் அத வாங்கணும், வாங்கிட்டீங்கல்ல, இனி ரெண்டு பேரும் சேந்தாச்சு என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா என்று மல்லையனால் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த மாதம் அவர் வேறு பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். கேட்கவும் முடியவில்லை.

*

மோர் குடித்த அன்று சாயங்காலம் மாதுவைத் தேடிப் போனான். மாது கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். மாடுகள் பின்னால் நகரும்வரை மல்லையன் பொறுத்திருந்தான். பிறகு, பச்சியப்பனிடம் நீ ஏதாவது சொன்னாயா என்று கேட்டான்.

மாது கயிற்றில் உட்கார்ந்தபடியே சிரித்தான். சொன்னால் என் பெண்டாட்டி என்னைச் சும்மா விடுவாளா, நானுந்தானே தின்றேன் என்றான். அந்தச் சிரிப்பை மல்லையன் முழுக்க நம்பவில்லை. ஆனால் மாது சொல்லியிருந்தால் பச்சியப்பன் காசை உரசிக்கொண்டிருக்கமாட்டார். நேராகக் கேட்டிருப்பார்.

"பேசாம அணைச்சுட்டு வாடா" என்றான் மாது. "கடலுக்கு அந்தப்பக்கம் நீ எதத் தின்னேன்னு இந்த ஆத்தாளுக்கு எங்க தெரியப்போவுது?"

வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு நடந்தான். மாது சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் மண்ணைக் குத்தும்போது அவன் கூப்பிட்டது இதே ஆத்தாளைத்தான். இடதுபக்கம் இருந்தவன் போய் இவன் இருக்கிறான். கடலுக்கு அந்தப்பக்கம் அவள் வரவில்லை என்றால் இவனைக் காப்பாற்றியது யார்? வந்திருந்தாள் என்றால், அந்தக் கோயிலில் முட்டி போட்டபோதும் பக்கத்தில்தான் நின்றிருப்பாள்.

பொய்ச் சத்தியம் பண்ணினால் ஆத்தா தன்னைத் தொடமாட்டாள் என்றும் தோன்றியது. ராமக்காவைத் தொடுவாள். அவள்தான் அந்தக் காசைக் கழுத்தில் கட்டியிருந்தவள்.

*

வெள்ளிக்கிழமை வெயில் ஏறும் முன்பே போனான். வேப்பமரத்தடியில் பூசாரி இருந்தார். பச்சியப்பன் இருந்தார். குள்ளம்மாளும் ராமக்காவும் ஒருபக்கமாக நின்றார்கள். ராமக்கா அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவன் கையைப் பார்த்தாள்.

பூசாரி தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். பச்சியப்பன் சொல்லச் சொல்ல இவன் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின் உள்ளங்கையால் அணைக்க வேண்டும்.

"வேதத்துல சேரல."

"வேதத்துல சேரல" என்றான் மல்லையன்.

"தலையில தண்ணி ஊத்திக்கல."

"தலையில தண்ணி ஊத்திக்கல."

"அவங்க கோயில்ல குடுத்த எதையும் திங்கல."

மல்லையன் கையை நீட்டியபடி நின்றான். கற்பூரம் உருகித் தட்டில் ஓடியது. பச்சியப்பன் அதையே திரும்பச் சொன்னார். கற்பூரம் நீலமாகி அடங்கியது. பூசாரி மடியிலிருந்து இன்னொரு கட்டியை எடுத்தார்.

"ஏத்த வேணாங்க" என்றான் மல்லையன். "தின்னேனுங்க மாமா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். குளிர், வரிசை, முட்டி போட்டது, வாயைத் திறந்தது. பிரசாதம் என்று நினைத்ததைச் சொன்னான். ஹவில்தார் சொன்னதையும் விடவில்லை. சேர்ந்தேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை என்றான்.

பச்சியப்பன் பூசாரியைப் பார்த்தார். "கேட்டீங்களா? காசப் பாத்தப்பவே சொன்னேன்." பிறகு மல்லையனிடம் திரும்பினார். "இதுக்கு மேல என்ன பேச்சு. தாலிய வாங்கிக்கிட்டுப் போ."

ராமக்கா கழுத்தில் கை வைத்தாள். அவிழ்க்கவா, பிடித்துக்கொள்ளவா என்று தெரியவில்லை.

குள்ளம்மாள் தொண்டையைச் செருமினாள்.

"தின்னியே, அதுல உப்பு இருந்துச்சா?"

"இல்லீங்க அத்த."

"துளிகூட?"

"காயிதம் மாதிரி இருந்துச்சுங்க."

"உப்பில்லாதத வாயில வெச்சதுக்குப் பேரு தின்னதா?" அவள் புருஷனைப் பார்க்காமல் பூசாரியிடம் கேட்டாள். "நம்ம வூட்டுல இவனுக்கு உப்பில்லாம மோர் குடுத்தோம். அதனால இவன் நமக்கு ஆயிட்டானா? ஆகலதான? அங்க மட்டும் எப்படி ஆவான்?"

பூசாரி தாடையைச் சொறிந்தார். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்றார். ஆனால் வெள்ளைக்காரனின் வழக்கம் தனக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

"இத்தன நாளு ஏன் மறைச்சான்?" என்றார் பச்சியப்பன். "அதக் கேளு. இன்னும் என்னென்ன மறைச்சிருக்கானோ."

ராமக்கா ஓரடி முன்னால் வந்தாள். அவன் ஊர் திரும்பிய பிறகு எல்லார் முன்னாலும் அவள் அவனிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"வாயில வெச்சப்ப என்ன வேண்டிக்கிட்டீங்க?"

மல்லையன் யோசித்தான். உன்னை நினைத்தேன் என்று சொல்லலாம். அவள் அதைத்தான் எதிர்பார்க்கிறாளோ என்னவோ. மரத்தடியில் தட்டு இன்னும் சூடாக இருந்தது.

"குளிரு வுடட்டும்னு. காலு மரத்துப் போயிருந்துச்சு."

ராமக்கா அவனை நெடுநேரம் பார்த்தாள். "வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

குள்ளம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ராமக்கா சிரிக்கவில்லை. திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தாள். கோயிலுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு களந்தான். அவள் உள்ளே போனதும், மோர்ச் சொம்போடும் உப்புச் சட்டியோடும் வெளியே வந்ததும் இங்கிருந்தே தெரிந்தது. களத்தைத் தாண்டி அப்பனுக்கு எதிரே வந்து நின்றாள். கல்லுப்பை விரலால் அள்ளிச் சொம்பில் போட்டாள். இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டாள். கையை விட்டுக் கலக்கினாள். மல்லையனிடம் நீட்டினாள்.

கரித்தது. மல்லையன் கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

பச்சியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விட்டார். மூட்டை கட்டி மல்லையனும் ராமக்காவும் கிளம்பும்வரை அவர் திரும்பவில்லை.

*

மறுநாள் சனிக்கிழமை. ராமக்கா விடிந்ததும் வீட்டைப் பெருக்கி மெழுகினாள். அவன் தனியாகச் சமைத்த சட்டிகளைக் குப்பைமேட்டில் போட்டு உடைத்தாள். பட்டாளத்துப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து உதறிப் பார்த்தாள். கால்சட்டைப் பைகளில் கைவிட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. திரும்ப மடித்து வைத்தாள்.

மல்லையன் மறுபடி ஊறியிருந்த கிணற்றிலிருந்து அவரைச் செடிக்குத் தண்ணீர் கட்டினான்.

வெயில் ஏறியபின் பச்சியப்பன் வந்தார். கிடாரிக் கன்று ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது, இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்டார். வரவில்லை என்றார்கள். வீட்டுக்குள் நுழைந்து நான்கு சுவரையும் பார்த்தார். அடுப்படியைப் பார்த்தார். மாடக்குழியில் விளக்குக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்தார். காசு இன்னும் அவர் இடுப்பில் இருந்தது. முடிச்சு தெரிந்தது.

ராமக்கா மோர் கொண்டுவந்தாள். உப்புச் சட்டியையும் கொண்டுவந்தாள்.

உப்பு வேண்டாம் என்றார். அப்படியே குடித்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, கிடாரியைத் தேட வேண்டும் என்று கிளம்பினார்.