படத்துக்குக் கீழே பத்து வரி

இணையத்தில் ஒழுங்காக நடக்கச் சொல்லித்தரும் எண்ணிமப் பிரஜாவுரிமை என்ற பாடத்தை அதிபர் என் தலையில் கட்டியதற்குச் சொன்ன காரணம், எங்கள் பாடசாலையில் வட்ஸ்அப்பில்கூட எழுத்துப்பிழை விடாத ஒரே ஆள் நான்தான் என்பது. இருக்கிற நாட்டின் பிரஜாவுரிமை பற்றியே எங்கள் பக்கத்தில் பலருக்குச் சந்தேகங்கள் உண்டு. இதற்குள் இன்னொன்றா என்று கேட்டேன்.

"உது லேசு மாஸ்ரர். எல்லாம் இணையத்திலை சும்மா கிடக்கு. இறக்கிப் படிப்பிச்சாச் சரி" என்றார்.

கிடந்தது உண்மைதான். ஒரு வெளிநாட்டு இணையத்தளத்தில் நரி ஒன்று கண்ணாடி போட்டுக்கொண்டு பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டது. பனிச்சறுக்கு விளையாடப் போன சிறுமி தன் நண்பியைப் படம் எடுத்து, கேட்காமல் இணையத்தில் போட்டுவிடுகிறாள். அவள் செய்தது சரியா? குருநகர்ப் பிள்ளைகளுக்குப் பனியில் சறுக்குவதை விளங்கப்படுத்த எனக்குத் தெம்பில்லை. ஆகவே அதைக் கோயில் பெருநாள் ஆக்கினேன். நரியை அப்படியே விட்டுவிட்டேன். ஒவ்வொரு பின்னேரமும் அச்சுவேலியில் வீட்டு மேசையில் இருந்து நரியைத் தமிழ் பேச வைத்தேன். ஒருமுறை இணையத்தில் போட்டது அழியாது என்று நரி சொன்னது. மற்றவரைப் பற்றிய எதையும் போடமுன் அவரிடம் கேட்க வேண்டும் என்றது. அழகான தமிழில் சொன்னது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

பாடத்துக்குக் கருவி வேண்டுமென்று பழைய மாணவர் சங்கத்தின் வெளிநாட்டுக் கிளை ரப் எனப்படும் கைக்கணினிகளை வாங்கி அனுப்பியது. கேட்டது ஒன்றே ஒன்றுதான். பெறுகிற ஒவ்வொரு பிள்ளையின் படமும், படத்துக்குக் கீழே பத்து வரியும் சங்கத்தின் முகநூல் பக்கத்துக்கு வேண்டும். எங்கள் ஊரில் இது வழமை. சப்பாத்துக் கொடுத்தாலும் படம், சைக்கிள் கொடுத்தாலும் படம். பத்து வரி எழுதும் வேலையும் எனக்கே வந்தது. காலையில் தனிப்பட்ட விபரங்களை வெளியில் விடாதீர்கள் என்று படிப்பிப்பேன். பின்னேரம் அதே பிள்ளைகளின் விபரங்களை எழுதுவேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாப்பாட்டு இடைவேளை இருந்தது. அதற்குள் எனக்கு மறந்துவிடும்.

நான் இரண்டு புத்தகங்கள் எழுதியவன். இரண்டும் எங்கள் வீட்டு அலுமாரியில் பத்திரமாக, ஏறக்குறைய அச்சடித்த தொகையிலேயே இருக்கின்றன. அந்தப் பத்து வரிகளுக்குத்தான் வாழ்க்கையில் முதன்முதலாக எனக்கு வாசகர்கள் கிடைத்தார்கள். குளிர் நாடுகளில் இருந்து சனம் அழுகிற முகங்களாகப் போட்டது. அழவைக்கும் ருசி எனக்குப் பிடித்துவிட்டது.

அப்படி நான் எழுதிய பிள்ளைகளில் ஒருத்தி தரம் பதினொன்று. சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. படகு மட்டும் கிடைத்தது. தாய்க்கு நண்டு வாடியில், நண்டு உடைத்துச் சதை எடுக்கும் கொட்டிலில், வேலை. நரியின் பயிற்சித்தாள் ஒன்றில், 'இணையத்தில் நீ விட்டுச்செல்லும் சுவடு எது?' என்ற கேள்விக்கு அவள் இப்படி எழுதியிருந்தாள்: 'பள்ளிக்கூடத்தால் வந்ததும் அப்பாவின் நம்பருக்கு அன்றைக்குப் படிச்சதை எழுதி அனுப்புவன். ஒரு சரிதான் விழும். அம்மாவுக்குத் தெரியாது.'

வட்ஸ்அப்பில் செய்தி புறப்பட்டதற்கு ஒரு சரி அடையாளம், மற்றவரின் போனைச் சேர்ந்ததற்கு இரண்டு. பயிற்சித்தாளின் மேலே, 'உன் ஆசிரியரைத் தவிர வேறு யாரும் இதைப் பார்க்கமாட்டார்கள்' என்று ஒரு வரி உண்டு. அதுவும் என் மொழிபெயர்ப்புத்தான்.

ரப் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனபோது, சுவரில் இருந்த தகப்பனின் படத்துக்குப் பக்கத்தில் அவளை நிற்கச் சொன்னது நான். அன்று பின்னேரமே பத்து வரியும் எழுதினேன். பெயர், வகுப்பு, தகப்பன், நண்டு வாடி. கடைசி வரி: 'அந்த ஒற்றைச் சரி இரண்டாகும் நாளுக்காக அவள் காத்திருக்கிறாள்.' எழுதிவிட்டு எழும்பி ஒரு தேத்தண்ணி குடித்தேன். அவ்வளவு திருப்தி.

அந்தப் படம் ஊர் உலகமெல்லாம் போனது. ஒருவர் அதற்கு வயலின் இசையும் சேர்த்தார். வகுப்பில் அவளுக்கு 'ஒற்றைச் சரி' என்று பட்டம் விழுந்தது. நான் அதட்டினேன். நரியையும் துணைக்கு அழைத்தேன். அடுத்த கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. வீடு தேடிப் போனேன்.

தாய் வாசலில் நின்று கதைத்தார். "சேர், நீங்கள் நல்லாத்தான் எழுதியிருக்கிறியள். கோயிலிலை ஒரு அக்கா போனிலை வாசிச்சுக் காட்டினவ. பாதியிலை நானும் அழுதிட்டன். கடைசியிலைதான் விளங்கினது, அது எங்கடை வீடெண்டு."



"அதோடை நிண்டாலும் பரவாயில்லை" என்று தாய் தொடர்ந்தார். "இவரின்ரை படத்தை வெட்டிப் போட்டு ஆரோ ஒரு கணக்குத் திறந்திருக்கிறாங்கள். 'மகள், அப்பா கதைக்கிறன். ரெண்டாவது சரி விழுந்திட்டுது. அம்மாவுக்குச் சொல்லாதை, பின்னேரம் இறங்குதுறைக்கு வா' எண்டு எழுத்து. இவள் போய் நிண்டிருக்கிறாள் சேர். பள்ளிக்கூட உடுப்போடை, பொழுதுபடும் வரைக்கும். நான் வாடியாலை வரேக்கைதான் கண்டனான்."

"ஆர் எழுதினதெண்டு…"

"ஆரெண்டு கேட்டு என்ன? பொலிசுக்குப் போனால் மிச்சச் சனத்துக்கும் தெரியும்."

ஆர் எழுதினதென்று எனக்குத் தெரியாது. அதில் ஒரு வரி யாருடையது என்று தெரியும்.

உள்ளே கதவுக்குப் பின்னால் அவள் நின்றது தெரிந்தது. "பிள்ளை, சோதினை வருது. வாம்மா" என்றேன்.

"அதை இல்லாமப் பண்ணுங்கோ சேர். நான் வாறன்."

ஓமென்று தலையாட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். சந்தி தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருமுறை போட்டது அழியுமா என்ற கேள்விக்கு அவள் சரியான விடை எழுதியவள். சிவப்பு மையால் சரி போட்டதும் நான்தான். நடக்காத ஒன்றைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். வரமாட்டேன் என்பதை இதைவிட மரியாதையாக ஒரு ஆசிரியரிடம் சொல்ல முடியாது.

தெரிந்தும் அதை அழிக்கும் வேலையில் இறங்கினேன். சங்கத்தின் பக்கத்தை நடத்துகிறவருக்கு வெளிநாட்டுக்கு அழைத்தேன்.

"அண்ணை, என்ன கதைக்கிறியள்? சனம் அழுதுபோட்டு எழுதியிருக்கு. அதைப் போய் அழிக்கிறதோ?"

"பிள்ளை பள்ளிக்கூடம் வருகுதில்லை தம்பி."

"அப்ப ஒண்டு செய்யிறன். முகத்தை மறைச்சு விடுறன்."

மறைத்தார். அவள் முகத்தில் ஒரு சிவப்பு இதயத்தை ஒட்டினார். பெயரும் பத்து வரியும் தகப்பனும் அப்படியே இருந்தன. முகம் ஏன் மறைக்கப்பட்டது, பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்டுப் புதிதாக ஒரு கூட்டம் அழுதது. இரண்டு நாள் காலில் விழாத குறையாகக் கெஞ்சிய பிறகு அதை அழித்தார். அதற்குள் அது வேறு பக்கங்களில் குடியேறியிருந்தது. பகிர்ந்தவர்களுக்கு ஒவ்வொருவராக எழுதினேன். 'ஐயா, தயவுசெய்து நீக்கவும்.' சிலர் நீக்கினார்கள். சிலர் பிள்ளையின் வங்கிக் கணக்கு விபரம் கேட்டார்கள். ஒருவர், "நீ யார், எங்கள் ஏழைகளைப் பற்றிப் பேசக்கூடாதென்று சொல்ல?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வயலின்காரர் பதிலே போடவில்லை. ஒவ்வொரு காலையும் அவளுடைய பெயரை அடித்துத் தேடுவேன். ஒவ்வொரு காலையும் என் கடைசி வரி வரும். என்னுடைய எந்தப் புத்தகமும் இவ்வளவு சாகாவரம் பெற்றதில்லை.

அதற்கிடையில் அதிபர் கூப்பிட்டார். "மாஸ்ரர், அடுத்த ரப் வந்திருக்கு. போனமுறை மாதிரி ஒண்டு எழுதித் தாங்கோ. நல்லா எடுபட்டது."

"எனக்குக் கை நோகுது சேர்" என்றேன். வீரமாக மறுத்தேன் என்று எழுத ஆசைதான். கை நோகுது என்றுதான் சொன்னேன்.

பரீட்சை அனுமதி அட்டையை நானே கொண்டுபோய்த் தாயிடம் கொடுத்தேன். சொல்லிப் பார்க்கிறேன் என்றார். துவாயில் சுற்றி ரப்பைத் திருப்பித் தந்தார். பரீட்சையின் முதல்நாள் சமய பாடம். பாடசாலை வாசலில் நின்றேன். 'இன்று எட்டரைக்கு. பிந்தினாலும் வா' என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். ஒரு சரி விழுந்தது. வாசல் பூட்டினார்கள். கணிதத்தன்று அனுப்பினேன். ஒரு சரி. விஞ்ஞானத்துக்கும் அனுப்பினேன். மண்டபத்தில் அவளுடைய சுட்டெண் ஒட்டிய மேசை கடைசி நாள் வரைக்கும் வெறுமையாகவே இருந்ததாக மேற்பார்வைக்கு வந்த ஆசிரியை சொன்னார்.

மாதங்கள் கழித்து இதை எழுத வேண்டும்போல இருந்தது. எழுதினேன். பிறகு, இந்த முறையாவது நரியின் சொல் கேட்போம் என்று தாளை மடித்துத் தாயிடம் கொடுத்தேன். பிள்ளை வாசித்துவிட்டு வேண்டாமென்றால் கிழித்துவிடச் சொன்னேன்.

ஒரு கிழமை கழித்துத் தாள் திரும்பி வந்தது. "பேர் போடக்கூடாதாம். படமும் கூடாதாம்" என்றார் தாய்.

"சோதினை?"

"வாற வருசம் தனியா எடுக்கிறதோ எண்டு யோசிக்கிறாளாம். யோசிக்கிறாள் எண்டுதான் சொன்னவள், எடுப்பன் எண்டு சொல்லேல்லை. நீங்கள் வந்து கேக்கவும் வேண்டாமாம்."

வீட்டுக்கு வந்து தாளை விரித்தேன். ஒற்றைச் சரி பற்றிய இடத்தை வெட்டியிருப்பாள் என்று நினைத்தேன். அதை விட்டிருந்தாள். இறங்குதுறையையும் விட்டிருந்தாள். இந்தக் காலமெல்லாம் நான் பட்ட வேதனையைப் பற்றி உருக்கமாக எழுதியிருந்த இரண்டு வரிகளைத்தான் பேனையால் வெட்டியிருந்தாள்.

நல்ல வரிகள். போடவில்லை.