பேய்க்குக் குரல் கொடுத்த ஸ்டெல்லா அக்கா

நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரி வருமா வராதா என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. அதன் நடுவே அந்தச் செய்தி வந்தது. சூலூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்த முதல் மாடி ஸ்டெல்லா அக்கா தூக்கத்திலேயே இறந்துவிட்டார். நீங்கள் எல்லோரும் இரங்கல் எழுதினீர்கள். எனக்குக் கை வரவில்லை.

அக்கா ஓய்வு பெற்ற தையல் ஆசிரியை. தேவாலயப் பாடற்குழுவில் எத்தனை பேர் சேர்ந்து பாடினாலும் அவர் குரல் தனியாகத் தெரியும். போன வருஷம், பேய் வேஷத்தில் வந்து மிட்டாய் கேட்கும் ஹாலோவீன் நாளுக்கு, பிள்ளைகளுக்குத் தானாகவே மிட்டாய் கொடுக்கும் பேய்ப் பொம்மை ஒன்றைச் செய்கிறேன் என்று நான் கிளம்பியபோது, முதலில் கூட வந்தவர் அவர்தான். மோட்டார் கம்பெனியில் வேலை பார்ப்பவன் என்ற தலைக்கனம் எனக்கு. உக்கடம் பழைய இரும்புக் கடையில் கார் வைப்பர் மோட்டார் வாங்கி, பிவிசி குழாயில் உடம்பு கட்டினேன். எதிரே ஆள் வந்தால் பேய் இடுப்பை வளைத்து மிட்டாய்த் தட்டை நீட்டும். அக்கா தைத்த கறுப்பு அங்கி மோட்டாரில் சிக்கிச் சிக்கிக் கிழிந்தது. அவர் சலிக்காமல் பிரித்துத் தைத்தார். "பேய்க்கும் இடுப்புல கொஞ்சம் தாராளமா உடோணுங்க தம்பி. குனிய வேண்டாமா?" என்றார்.

பெண் பேய் என்பதால் குரலும் அவரையே கேட்டேன். பயமுறுத்த வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் பதிவு செய்தது இது: "வாங்க கண்ணு, நல்லா இருக்கீங்களா? எடுத்துக்குங்க. ஊட்டுல பாப்பா இருந்தா அதுக்கும் ஒண்ணு எடுத்துக்குங்க."

"அக்கா, இது பேய்" என்றேன்.

"இருக்கட்டுங்க. வந்த புள்ளைங்கள வாங்கன்னு கேக்காம எப்படிங்க தட்டை நீட்டறது?"

எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் ஒத்திகை பார்த்த பக்கத்து பிளாக் நண்பர், "உங்க பேய் கல்யாணத்துக்கு அழைக்குதுங்களா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். சுருக்கென்றது. அக்காவின் குரலை அழித்துவிட்டு, இணையத்தில் கிடைத்த ஓர் அலறல் சிரிப்பை ஏற்றினேன். அக்காவிடம் சொல்லவில்லை. ஒரு பிரதிகூட எடுத்து வைக்கவில்லை.

ஹாலோவீன் மாலை அவர் ஓர் அம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "என்ற தங்கச்சிங்க. என்ற குரலைக் கேக்கோணும்னு பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கறா." பிள்ளைகளோடு வரிசையில் நின்றார்கள். அவர்கள் முறை வந்ததும் பேய் குனிந்தது, அலறியது. தங்கை அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். நான் ஏதோ திருகாணியை முடுக்குவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். "நல்லாத்தானுங்க இருக்குது தம்பி" என்று சொல்லி, மிட்டாயை எடுத்துத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அவர் அதற்குள் என் பிள்ளைகளின் படிப்பை விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். நானும் அதைச் சாக்காக வைத்துத் தப்பித்துக்கொண்டேன்.

சூலூரில் அடக்கம் முடிந்து கிளம்பும்போது அவர் மகள் என்னைத் தேடி வந்தார். "ஏனுங்ணா, பேய்க்கு அம்மா பேசினது இன்னும் இருக்குதுங்களா? அன்னைக்குத் தொண்டை கட்டிப்போச்சு, நல்லா வரலை, அதனால நீங்க வேற போட்டுட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க. தொண்டை கட்டியிருந்தாலும் பரவாயில்லீங்ணா. எனக்கு அது போதும்."

"இல்லைங்க அம்மணி" என்றேன். வேறு எதையும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். சூலூரிலிருந்து வீடு வரும்வரை என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அந்த மகளும் இதைப் படிக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு அன்று தொண்டை கட்டவில்லை, அம்மணி. தேவாலயத்தில் பாடும்போது இருக்குமே, அவ்வளவு தெளிவாக இருந்தது. நாலு பேர் சிரிப்பார்களே என்று நான்தான் அழித்தேன். ஸ்டெல்லா அக்காவுடையது என்று என்னிடம் இப்போது இருப்பது, என் மானத்தைக் காப்பாற்ற அவர் உங்களிடம் சொன்ன அந்தப் பொய் ஒன்றுதான்.