மெல்ல மூன்று முறை தட்டுவது

போன சனிக்கிழமை பகலில் கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். அழைப்பு மணி இருக்கும்போது விரலை மடக்கித் தட்டுகிறவர்கள் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள்? அதுவும் மெல்ல, மூன்று முறை, அவசரமே இல்லாமல். கரண்டியோடு போய்க் கதவிலிருந்த கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தேன். இரண்டு பையன்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்பாக ஒரு பெயர்ப் பட்டை. பாரிஸின் புறநகரான லெ பிளாங்-மெனிலில் நாங்கள் இருப்பது நான்காம் மாடி, லிஃப்ட் மூன்று வாரமாக ஓய்வெடுக்கிறது. இருவருக்கும் மூச்சு வாங்கியது. பின்னால் நின்றவன் ஒரு காலைச் சப்பாத்திலிருந்து பாதி உருவி, குதிகாலுக்குக் காற்றுக் காட்டிக்கொண்டிருந்தான்.

நான் என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பெருமைப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் குதிகால் எனக்குத் தெரிந்த குதிகால்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன் நானும் அப்படி ஒரு சட்டைக்குள் இருந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, கோயம்புத்தூரில் எங்கள் குடும்பம் மோர்மன் சபையில் சேர்ந்தது. அந்தச் சபையில் ஆண்பிள்ளைகள் வாலிபத்தில் இரண்டு வருடம், வீடு வீடாகப் போய்ச் சபையைப் பற்றிச் சொல்லும் ஊழியத்துக்குப் போவார்கள். எந்த ஊர் என்று நாம் கேட்க முடியாது, கடிதம் வரும். எனக்கு வந்த கடிதத்தில் பாரிஸ் என்றிருந்தது. அம்மா மூன்று தெருவுக்குச் சொன்னாள். நண்பர்கள் ஈஃபிள் கோபுரத்தை நினைத்துப் பொறாமைப்பட்டார்கள். இரண்டு வருடத்தில் அதை நான் இரண்டு முறை பார்த்தேன், இரண்டும் ரயில் ஜன்னலிலிருந்து. மற்ற நேரமெல்லாம் பார்த்தது மாடிப்படி.

மாடிப்படிகளைப் பற்றி நான் ஒரு புத்தகமே எழுதலாம், யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால் விட்டேன். கீழ்த்தளத்தில் மெழுகு வாசனை அடிக்கும். இரண்டாவது மாடியில் நாய். நான்காவதுக்கு மேல் ஏழைகள் இருப்பார்கள், அங்கே வெங்காயம் வதங்கும். லா ஷப்பெல் பக்கத்துக் கட்டடம் என்றால் வெங்காயத்தோடு கறித்தூளும் சேர்ந்து வரும். அந்த வாசனையை முகர்ந்துகொண்டு ஆறு மாடி ஏறி, மூடிய கதவைப் பார்த்துவிட்டு இறங்குவதை உபவாசம் என்று எண்ணித்தான் தாங்கிக்கொண்டேன்.

எங்கள் நாள் காலை ஆறரைக்குத் தொடங்கும். ஜெபம், படிப்பு, பாலில் கார்ன்ஃபிளேக்ஸ், பிறகு படி. வீட்டுக்குத் தொலைபேசி வருடத்துக்கு இரண்டு தடவை. தேநீரும் காப்பியும் கிடையாது. இருபது வயதில் என் பெயருக்கு முன்னால் 'எல்டர்', அதாவது மூப்பர், என்று போட்டிருந்தார்கள். இப்போது ஐம்பதை நெருங்குகிறேன், ஒபர்வில்லியேயில் நான் வேலை பார்க்கும் கிடங்கில் எல்லோரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். என் பங்கு மரியாதை முன்கூட்டியே வந்து செலவாகிவிட்டது.

எல்லா விதிகளிலும் பெரியது ஒன்று உண்டு. துணையாளரை விட்டுப் பிரியக் கூடாது. சாப்பிடும்போதும் கடைக்குப் போகும்போதும் ஒருவர் கண்ணுக்கு இன்னொருவர் தெரிய வேண்டும். என் துணையாளர் எல்டர் பீட்டர்சன், அமெரிக்காவில் உருளைக்கிழங்குத் தோட்டக்காரர் ஒருவரின் மகன். ஆறடி மூன்று அங்குலம், மணல் நிறத் தலைமயிர். களைப்பு என்ற வஸ்துவை அறியாதவர். நாற்பது கதவு மூடப்பட்ட பிறகும் நாற்பத்தொன்றாவது கதவை அப்போதுதான் குளித்து வந்தவர் போலத் தட்டுவார். கல்யாணம் ஆன பிறகுகூட நான் ஒருவரோடு அவ்வளவு நேரம் இருந்ததில்லை. அதனால்தான் கல்யாணம் நிலைத்தது என்று மனைவி சொல்கிறாள்.

லா ஷப்பெலில் இலங்கைத் தமிழர்கள் இருக்கிறார்கள், தமிழ் பேசுகிற நீ அங்கே போ என்று எங்களை அனுப்பினார்கள். செவ்வாயும் வெள்ளியும் காலையில் ரூ காய் என்ற தெருவுக்குப் பின்னாலிருந்த ஒரு கட்டடம் எங்கள் பங்கு. ஆறாம் மாடியில் இடப்பக்கக் கதவு. உள்ளே தமிழ்ப் பேச்சும் பாத்திரச் சத்தமும் கேட்கும். மெல்ல மூன்று முறை தட்டுவோம். எல்லாச் சத்தமும் அப்படியே அறுந்துபோகும். அடுப்பிலிருப்பதுகூடக் கொதிக்கத் தயங்குவது போலிருக்கும். நாங்கள் நிற்போம். அவர்களும் நிற்பார்கள். இரண்டு நிமிடம் கழித்து பீட்டர்சன், கர்த்தர் அந்த வீட்டில் ஏதோ செய்துகொண்டிருக்கிறார் என்று மெல்லிய குரலில் சொல்லுவார். விடாமுயற்சி என்று நானும் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். இரண்டு மாதம்.

திங்கட்கிழமை எங்களுக்கு ஓய்வு நாள். துணி துவைக்கலாம், சாமான் வாங்கலாம், டையும் பட்டையும் வேண்டாம். அப்படி ஒரு திங்கட்கிழமை மாலை நாலு மணிக்கு பீட்டர்சன் சலவைக் கடையில் எங்கள் சட்டைகள் சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த தமிழ்க் கடையில் கடுகு வாங்கிக்கொண்டிருந்தேன். கண்ணாடி வழியே ஒருவருக்கொருவர் தெரிந்தோம், விதி காப்பாற்றப்பட்டது.

கடையில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் கடைக்காரரிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். தவம் என்று பெயர். இரவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர், ஆறு பேரோடு அறை, அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது காதில் விழுந்தது இதுதான்.

"கிழமைக்கு ரெண்டு தரம் வாறாங்கள் அண்ணை. வெள்ளைச் சட்டை, ரை, நெஞ்சிலை கறுப்பா ஒரு துண்டு. ஒருத்தன் பனை மாதிரி, மற்றவன்ரை முகம் ஓட்டைக்குள்ளாலை தெரியிறேல்லை."

"பொலிஸ் உப்பிடி மெல்லமாத் தட்டிப்போட்டு நிண்டுகொண்டிருப்பானோ?" என்றார் கடைக்காரர்.

"அதுதான் இன்னும் பயமாக் கிடக்கு. இப்ப ஆர் தட்டினாலும் நாங்கள் திறக்கிறேல்லை."

என் கையிலிருந்த கடுகுப் பொட்டலம் சட்டென்று கனத்தது. அறையில் இரண்டு பேருக்கு எந்தக் காகிதமும் இல்லை, எங்கள் தட்டல் கேட்டால் ஒருவர் அலமாரிக்குள் போய்விடுவார், மற்றவர் கூரைப் பக்கத்து ஜன்னலில் கால் வைத்து நிற்பார் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். ஆறாம் மாடி ஜன்னல். நான் குறிப்பேட்டில் விடாமுயற்சி என்று எழுதிய நேரமெல்லாம் ஒருவர் அங்கே நின்றிருக்கிறார்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். கட்டம் போட்ட சட்டையில் இருந்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "தம்பி, உமக்கு பிரெஞ்சு வாசிக்கத் தெரியுமோ? உது விளம்பரக் கடுதாசியளோடை கிடந்தது."

மடங்கிய ஒரு சீட்டு. வாசித்தேன். பதிவுத் தபால் வந்தது, வீட்டில் ஆள் இல்லை, தபால் நிலையத்தில் வைத்திருக்கிறோம். வந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து நாற்பது. எடுக்கக் கடைசி நாள், நாங்கள் கடையில் நின்ற அந்தத் திங்கட்கிழமைதான்.

அந்தச் செவ்வாய் எனக்கு நன்றாக நினைவிருந்தது. நாங்கள் தட்டிவிட்டு இறங்கும்போது நான்காம் மாடியில் தபால்காரர் மூச்சிரைக்க எதிரே ஏறி வந்தார். பீட்டர்சன் ஒதுங்கி வழிவிட்டு, நாள் நல்லபடி அமையட்டும் என்று தன் உருளைக்கிழங்குப் பிரெஞ்சில் வாழ்த்தினார். நாங்கள் பயமுறுத்தி வைத்த கதவைத்தான் அந்த மனிதர் போய்த் தட்டியிருக்கிறார்.

பதிவுத் தபால் என்றதும் தவம் அண்ணை சீட்டை வாங்கித் தேதியை உற்றுப் பார்த்தார். அவருக்குப் பதிவுத் தபால் அனுப்பக்கூடிய அலுவலகம் இந்த நாட்டில் ஒன்றே ஒன்றுதான், அகதி விண்ணப்பத்தைப் பார்க்கிற அலுவலகம். மறுப்பு என்றால் ஒரு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தபால் திரும்பிப் போனால் மறுத்தது தெரியாமலே மாதம் கழிந்துவிடும். ஐந்து மணிக்கு அவர் வேலைக்குப் போக வேண்டும், பிரெஞ்சும் வராது. "ஒருக்கா என்னோடை வாறீரோ?" என்றார்.

கண்ணாடி வழியே பார்த்தேன். பீட்டர்சன் கையசைத்தார். அவரைக் கூட்டிக்கொண்டு போனால் இவர் பனையைக் கண்டு ஓடிவிடுவார், சீட்டோடு. கூட்டிக்கொண்டு போகாவிட்டால் பெரிய விதி உடையும். வேதத்தில் இதற்கு ஒரு வசனம் இருந்திருக்கும். எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது ஆறாம் மாடி ஜன்னல் மட்டும்தான். கடுகை வைத்துவிட்டு நடந்தேன்.

வரிசை நீளமாக இருந்தது. நாற்பது நிமிடம் கழித்து அவருடைய தற்காலிக அட்டையைப் பார்த்துவிட்டு உறையைக் கொடுத்தார்கள். வாசலிலேயே பிரித்து வாசித்தேன். மறுப்பு. அவர் தலையை ஆட்டினார், பேருந்து வராது என்று கேட்டவர் போல. ஆனால் இன்னும் நாள் இருந்தது. மறுநாளே ஒரு சட்ட உதவிச் சங்கத்துக்குப் போகலாம், நான் எழுதித் தருகிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நல்லாயிருப்பீர் என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"அண்ணே, அது போலீஸ் இல்ல. நாங்கதான். ஊழியக்காரங்க. தட்டினது நான்தான்."

கையை விட்டார். தெருவைப் பார்த்தார். கெட்ட வார்த்தை வரும் என்று காத்திருந்தேன், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆறு மாடி ஏறி வந்தனீர்," என்றார். "ஆரெண்டு தமிழிலை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே தம்பி."

உண்மைதான். தமிழ் தெரியும் என்பதற்காகவே அனுப்பப்பட்டவன் இரண்டு மாதம் அந்தக் கதவின் முன் தமிழில் வாயே திறக்கவில்லை. கதவு திறந்தால் பேசலாம் என்று தயாராக வைத்திருந்தேன்.

சலவைக் கடைக்குத் திரும்பியபோது பீட்டர்சன் என் சட்டைகளையும் சேர்த்து மடித்து வைத்திருந்தார். திட்டவில்லை. நடந்ததைச் சொன்னேன். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் அவர் களைத்து நான் பார்த்தேன். மறுநாள் காலை சங்கத்துக்கு அவரும் வந்தார், பனையைக் கண்டு தவம் அண்ணை ஓடவில்லை. மேல்முறையீடு போனது.

அதன்பின் ஓர் ஏற்பாடு. நாங்கள் தட்டினால், தபால் இல்லை, பொலிஸும் இல்லை, சபைத் தம்பிமார் என்று நான் உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னேன். அவர்கள் கதவைத் திறந்தார்கள் என்று நினைக்கிறீர்களா? இல்லை. ஆனால் உள்ளே பேச்சு நிற்கவில்லை. கரண்டி பாத்திரத்தில் இடித்தது, யாரோ சிரித்தார்கள், தாளிப்பு சடசடத்தது. பயமில்லாமல் எங்களைப் புறக்கணித்தார்கள். இரண்டு வருட ஊழியத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான பலன் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆறு வாரத்துக்கொருமுறை எங்களை இடம் மாற்றுவார்கள். ஒரு தொலைபேசி வரும், மறுநாள் பெட்டி கட்ட வேண்டும். எனக்கு வடக்கே ஒரு ஊர் விழுந்தது. மேல்முறையீடு என்னவாயிற்று என்று தெரியாமலே போனேன். பல வருடம் கழித்து, சபையைவிட்டு மெல்ல நழுவி, வேலைக்காக மறுபடி பாரிஸ் வந்தபோது ரூ காயில் விசாரித்தேன். ஒருவர் தவம் கனடாவில் என்றார். ஒருவர் லண்டன் என்றார். கடைக்காரர் மாறியிருந்தார், எந்தத் தவம் என்று கேட்டார். அந்தக் கட்டடத்துக்குப் போனேன். தெருக்கதவில் எண்பூட்டு. ஆறாம் மாடிக்குப் போக எனக்கு எண் தெரியாது.

போன சனிக்கிழமைக்கு வருகிறேன். அந்த இரண்டு பையன்களைக் கண்டதும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் அசையாமல் நின்றேன். என்னிடம் எல்லாக் காகிதமும் இருக்கிறது, வீடு என் பெயரில். இருந்தும் நின்றேன். திறந்தால் உள்ளே வரச் சொல்ல வேண்டும், பேச வேண்டும், என் கதையைச் சொல்ல வேண்டும். அவ்வளவுக்குத் தெம்பில்லை. எண்ணெய் காய்ந்து புகைந்தது. பிறகு வெட்கமாகிவிட்டது. அடுப்படிக்குப் போய்க் கரண்டியால் சட்டியின் விளிம்பில் உரக்கத் தட்டினேன், நாலைந்து முறை. பயமில்லை தம்பிமாரே, மனமில்லை, அவ்வளவுதான்.

அவர்களுக்குக் கேட்டிருக்காது. எங்கள் கட்டடத்துக்குப் போன வருடம் இரும்புக் கதவுகள் போட்டார்கள், சத்தம் வெளியே போகாது, வாசனையும் போகாது என்று உத்தரவாதத்தோடு. தபால்காரரும் இப்போதெல்லாம் ஏறுவதில்லை, சீட்டைக் கீழே பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். மறுபடி போய்த் துளை வழியே பார்த்தேன். பின்னால் நின்றவன் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஐந்தாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தான்.