படத்துக்காகக் காய்ச்சிய சூப்

அந்தப் படத்தில் மேசைக்கு வருகிற கோழி சூப்பை நான்தான் காய்ச்சினேன். படம் முடிந்து ஓடுகிற பெயர்களுக்குள் என் பெயர் இல்லை. இருக்கவேண்டும் என்று நான் நினைத்ததுமில்லை. படப்பிடிப்புகளுக்குச் சாப்பாடு கொடுக்கிற ஒரு கேற்றறிங் நிறுவனத்தில் நெடுநாளாக வேலைசெய்கிறேன். ரொறன்ரோவில் எடுக்கிற படங்கள் பெரும்பாலும் வேறு நகரத்துக் கதைகள். எங்கள் தெருக்களில் வேறு ஊரின் பெயர்ப்பலகையை மாட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இந்தப் படம் அப்படியில்லை. ஸ்பாடினாப் பக்கம் தையல் கடைகளும் யூதக் குடும்பங்களும் நெருக்கமாயிருந்த ஒரு காலத்தில், ஒரே வீட்டுக்குள் இடிபட்டுக்கொண்டு வாழ்ந்த குடும்பம் ஒன்றின் பகிடிக் கதை.

வழக்கமாக நான் சமைப்பது கமராவுக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கு. கமராவுக்கு முன்னால் வைக்கிற சாப்பாட்டைச் செய்கிற பெண் கையைச் சுட்டுக்கொண்டு லீவில் நின்றதால், முதலாளி என்னைக் கூப்பிட்டு, இந்த ஒரு காட்சிக்கு மட்டும் நீ செய் என்றார். ஒரு காட்சிதானே என்று நினைத்தேன்.

காட்சி இதுதான். வெள்ளிக்கிழமை பின்னேரம், யூதர்களின் ஓய்வுநாள் தொடங்குகிற நேரம். மெழுகுதிரி ஏற்றியாயிற்று. மேசையில் பின்னல் போட்ட பாண், கோழி, சூப். சுற்றிவர மாமன் மாமி, பிள்ளைகள், கலியாணம் பேசி வந்த ஒரு பெடியன். அப்பாவுக்குப் புதுப் பல்லுச் செற் கட்டியிருக்கிறார்கள். அது வாய்க்கு இன்னும் பொருந்தவில்லை. வந்த மாப்பிள்ளையிடம் கண்டிப்பாக ஏதோ சொல்ல வாயைத் திறக்கும்போது மேற்பல்லு கழன்று சூப்புக்குள் விழுகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக் கதைத்துக்கொண்டிருப்பதால் ஒருவரும் காணவில்லை. அம்மா அந்தக் கோப்பைக்குள்ளேயே இன்னொரு அகப்பை சூப் ஊற்றுகிறாள்.

காட்சியை வாசிக்கும்போது எனக்கும் சிரிப்பு வந்தது. காலையில் காய்ச்சத் தொடங்கியபிறகு வரவில்லை. முதலில் சூப் கலங்கலாக இருக்கிறது, பல்லுத் தெரியவில்லை என்றார்கள். வெள்ளைத் துணியில் வடித்துக் கொடுத்தேன். இப்போது தண்ணீர்மாதிரி இருக்கிறது என்றார்கள். கரட்டும் வெங்காயத் தோலும் போட்டு மஞ்சளாக்கினேன். ஆவி பறக்கவேண்டும், ஆனால் நடிகரின் வாய் வேகக்கூடாது. பல்லு விழும்போது தெறிக்கிற சூப்பில் மேசைவிரிப்பு நனையும். உடனே விரிப்பை மாற்றி, கோப்பை எல்லாம் எடுத்து, புதிதாகச் சுடச்சுட ஊற்றி, பாண் பிய்த்திருந்தால் வேறு பாண் வைத்து, திரும்ப எடுப்பார்கள். பல்லு கோப்பையின் விளிம்பில் பட்டு நிலத்தில் விழும். அல்லது கவிழ்ந்து விழும். அல்லது சரியாக விழும், ஆனால் மாமி சிரித்துவிடுவாள். எத்தனை தரம் எடுத்தார்கள் என்று ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒருவரும் சொல்லவில்லை.

விழுந்த பல்லை எடுத்துக் கழுவிக் கொடுப்பதும் என் வேலையாயிற்று. அது விளையாட்டுப் பல்லுத்தான், படத்துக்கென்று செய்தது. ஆனாலும் குழாய்த் தண்ணீரில் பிடித்து ஈறில் பொருந்துகிற முரசுப் பக்கத்தை விரலால் தேய்க்கும்போது என் அம்மாவின் பல்லுச் செற்றைக் கழுவுகிற ஞாபகம் கைக்கு வந்துவிட்டது. கை தானாகவே வேலைசெய்தது.

அப்பாவாக நடித்தவருக்கு எண்பது தாண்டியிருக்கும். இந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்த யூதர். விரிப்பு மாற்றுகிற நேரங்களில் மற்ற நடிகர்கள் தங்கள் வண்டிகளுக்குப் போய்விட, அவர் மட்டும் அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். இங்கேதான் சூடாக இருக்கிறது என்பார். நாங்கள் கதைத்தது ஆங்கிலத்தில். அவருடையது மெதுவான ஆங்கிலம், எனக்கு விளங்குகிற ஆங்கிலம்.

“உங்கள் அம்மாவின் சூப்பும் இப்படித்தான் இருக்குமா?” என்று ஒருமுறை கேட்டேன். நல்ல வார்த்தை ஏதாவது வரும் என்ற ஆசையும் இருந்தது.

“இல்லை. அவள் சூப் வாயில் வைக்கேலாது. அவளுக்குச் சமைக்கவே பிடிக்காது.”

“வீட்டில் இப்படித்தான் எல்லோரும் சத்தம் போட்டுச் சிரித்துச் சாப்பிடுவீர்களா?”

“சிரிப்பா?” அவர் கொஞ்சம் யோசித்தார். “அப்பா நாள் முழுக்க ஸ்திரிப்பெட்டியோடு நின்றுவிட்டு வருவார். மெழுகுதிரி எரிந்து முடியமுதலே கதிரையில் நித்திரையாகிவிடுவார். நாங்கள் சத்தம் போட்டால் அம்மா அடிப்பாள்.”

“அப்படியென்றால் இந்தக் கதை?”

“இதை எழுதி எடுக்கிறவன் அப்படியொரு வீட்டின் பேரன். அவனுக்குச் சிரித்த நாளை மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என்ன செய்ய, நானும் என் பேரப்பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்கிறேன்.”

பிறகு அவர் என்னைக் கேட்டார், உனக்குக் கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்களா என்று. அண்ணை அஜின்கோர்ட்டில், தங்கச்சி ரெக்ஸ்டேலில், நான் டோர்செட் பார்க்கில் என்றேன். “ஒரே நகரத்துக்குள்ளேயா? அப்படியென்றால் ஒன்றாகச் சாப்பிடுவீர்கள்.”

“இல்லை” என்றேன். “அம்மாவின் செத்த வீட்டுக்குப் பிறகு இல்லை.”

அவர் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த கோப்பையில் உப்பைக் குறை என்றார். நான் திரும்பி அடுப்பைப் பார்த்துவிட்டு வர, கதிரையிலேயே நித்திரையாகிவிட்டார். கூப்பிட வந்த உதவியாளப் பெண்ணிடம், சூப் இன்னும் கொதிக்கவில்லை என்று பொய் சொல்லி அவரைக் கொஞ்ச நேரம் தூங்கவிட்டேன். எனக்கும் குதிக்கால் உளைவு. அந்தப் பொய்யின் தயவில் நானும் கொஞ்ச நேரம் இருந்து கால் ஆறினேன்.

கடைசியாக எடுத்ததில்தான் பல்லு சரியாக விழுந்தது. எல்லோரும் களைத்து, அடுத்தது என்ன என்று தெரியாத நிலையில் இருந்தார்கள். அம்மாவாக நடித்தவள் அகப்பையைப் பிடித்தபடி சிரிக்கத் தொடங்கினாள். நடிப்புச் சிரிப்பில்லை, களைப்பில் வருகிற நிறுத்தமுடியாத சிரிப்பு. ஒருவரைப் பார்த்து ஒருவராக முழு மேசையும் சிரித்தது. இயக்குநர் நிறுத்தச் சொல்லவில்லை. நான் வாசலில் சட்டியோடு நின்று பார்த்தேன். எனக்குச் சிரிக்கவும் சீவன் இருக்கவில்லை.

படம் தியேட்டருக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. ஸ்காபரோவில் ஒரு தியேட்டரில் மத்தியானக் காட்சி போட்டிருந்தார்கள். நான் அண்ணைக்கும் தங்கச்சிக்கும் ஃபோன் எடுத்தேன். ஆளுக்கு ஆள் ஒளிக்காமல், மற்றவரையும் கூப்பிட்டிருக்கிறேன் என்றே சொன்னேன்.

“பாப்பம்” என்றார் அண்ணை.

“அவர் வாறாரெண்டால் நான் ஏன்?” என்றாள் தங்கச்சி. கொஞ்சம் பொறுத்து, “என்ன படம்?” என்றாள்.

அவர்கள் இருவரும் கதைக்காமல் விட்டதுக்குக் காரணம் அம்மாவை முதியோர் இல்லத்தில் விட்டது. அம்மா அண்ணையோடுதான் இருந்தா. அண்ணியும் அண்ணையும் இரண்டு பேரும் வேலைக்குப் போக, அம்மா அடுப்பை எரியவிட்டுவிட்டு வெளியே நடந்துபோகத் தொடங்கினா. இல்லத்தில் விடுவதென்று அண்ணைதான் முடிவெடுத்தார். அங்கே போய்க் கொஞ்ச நாளில் அம்மாவின் பல்லுச் செற் துலைந்துபோயிற்று. புதிதாகக் கட்டுவதற்குள் அம்மா போய்விட்டா. செத்த வீட்டில் பெட்டிக்குள் அம்மாவின் வாய் உள்ளே இழுபட்டு, வேறு யாரோ மாதிரி இருந்தது. தங்கச்சி எல்லோருக்கும் முன்னால் சொன்னாள், “ஒரு பல்லைக்கூடப் பாத்து வைக்கத் தெரியாத இடத்திலதானே கொண்டுபோய் விட்டனீங்கள்.” அதுக்குப் பிறகு இரண்டு பேருக்கும் கதையில்லை.

இதையெல்லாம் தெரிந்த நான் அந்தப் படத்துக்கே அவர்களைக் கூப்பிட்டேன். எனக்கு அது என் வேலை, நான் காய்ச்சிய சூப். பல்லுக் காட்சி வரும் என்று தெரிந்தும் அதை இவர்களோடு சேர்த்துப் பார்க்க என் மூளைக்கு எட்டவில்லை.

இரண்டு பேரும் வந்தார்கள். நான் நடுவில் இருந்தேன். தியேட்டரில் அதிகம் வயதான வெள்ளைக்காரர்கள், யூதர்களாகத்தான் இருக்கவேண்டும், பகிடி வரமுதலே சிரித்தார்கள். பல்லு சூப்புக்குள் விழுந்தபோது முழுத் தியேட்டரும் குலுங்கியது. பக்கத்தில் அண்ணையின் கதிரை மடிந்து எழும்புகிற சத்தம் கேட்டது. அவர் இருட்டுக்குள் தடவித்தடவி வெளியே போய்விட்டார். தங்கச்சி திரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள்.

படம் முடிந்து நாங்கள் வெளியே வர, அண்ணை சோளப்பொரி விற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மர வாங்கில் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தார்.

“எனக்கு யோசனை வரேல்லை அண்ணை” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தபடி கதைத்தார். “நான் தேடினனான். அந்தப் பல்லு. அந்த இல்லத்து லோண்டரிக்குள்ள போர்வை போர்வையாய் உதறிப் பாத்தனான். பின்னுக்கு வைச்சிருந்த குப்பைப் பையெல்லாம் அவிட்டுக் கையை விட்டுத் தேடினனான். ஒரு கிழமையாய் வேலை முடிய அங்கதான் போனனான். கிடைக்கேல்லை.”

“ஏன் அதைச் சொல்லேல்லை?” என்று தங்கச்சி கேட்டாள். இத்தனை காலத்தில் அவரைப் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி.

“என்னத்தைச் சொல்லுறது. கிடைச்சிருந்தால் சொல்லியிருப்பன்.”

அடுத்த காட்சிக்கு வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தங்கச்சி கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள், பிறகு மூடினாள்.

“சாப்பிட்டிட்டே வந்தனீங்கள்?” என்றாள்.

“ஓம். நீ?”

“ஓம்.”

எங்காவது போய் மூன்று பேரும் ஒன்றாகத் தேத்தண்ணி குடிக்கலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அண்ணைக்கு விடிய வேலை, எனக்கும் வேலை. மூன்று பேரின் முகத்திலும் அதே களைப்பு. இன்றைக்கு இவ்வளவு போதும்போல இருந்தது.

தங்கச்சி பஸ்ஸிலும் ரெயினிலும் மாறிமாறி வந்திருந்தாள். “நான் கொண்டுபோய் விடுறன்” என்றார் அண்ணை. அவர் வீடு கிட்ட அஜின்கோர்ட்டில் இருக்க, நகரத்தின் மற்றக் கரையில் ரெக்ஸ்டேலுக்குப் போய்த் திரும்பவேண்டும், அதுவும் வேலை விடுகிற நேரத்து ஹைவேயில். வேண்டாம் என்று அவள் சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. அண்ணையின் காரில் பின்சீற்றில்தான் ஏறினாள். நான் என் பஸ்ஸுக்கு நடந்தேன்.

அடுத்த நாள் தங்கச்சிக்கு ஃபோன் எடுத்து, என்ன கதைச்சனீங்கள் என்று கேட்டேன்.

“ஒண்டுமில்லை. றேடியோவைப் போட்டுவிட்டவர். நான் நித்திரையாப் போனன்” என்றாள். நான் கிண்டவில்லை.

பின்னேரம் அண்ணை தானே எடுத்தார். அவர் ஃபோன் எடுப்பது குறைவு. “அவளின்ர பில்டிங்கில லிஃப்ற் வேலைசெய்யேல்லை” என்றார். “அவள் ஒரு பக்கக் கைபிடியைப் பிடிச்சு, நான் மற்றப் பக்கத்தைப் பிடிச்சுப் படியாலதான் ஏறினனாங்கள். என்ர முழங்கால் ரெண்டும் வீங்கிப்போச்சு.”

“மேலையும் போனனீங்களே?”

“போகாமல்? அவள் தேத்தண்ணி போட்டவள். சீனி கூடிப்போச்சு.”

எண்ணெய் பூசிப்போட்டுக் காலை உயர்த்தி வைத்துக்கொண்டு படுங்கோ என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன்.