அடித்தவனுக்குப் புது வேட்டி

பனி கொட்டினால் பக்கத்து வீட்டு வாசலைச் சுத்தம் செய்ய வருகிறவன் சபீனாவின் பழைய புருஷன். புதுப் புருஷன் உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து கொடுப்பான். இருவரும் நின்று சிரித்துப் பேசுவார்கள். பழையவனின் மகள் பையை மாட்டிக்கொண்டு வந்து, அப்பாவின் காரில் ஏறிப் போவாள். ஜெர்மனிக்கு வந்த புதிதில் இதைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. சண்டையே வராதா என்று ஒருநாள் கேட்டேன். "சண்டை வந்ததால்தானே பிரிந்தோம்?" என்றாள் சபீனா. "கன்ஸ் நோர்மால்." ரொம்பச் சாதாரணம் என்று அர்த்தம். ஊரிலிருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன். "கருமம், அதெல்லாம் ஒரு குடும்பமா? புள்ளைங்கள அங்க அண்ட விடாத" என்றாள்.

எங்களுடையதுதான் குடும்பம். ஒரத்தநாட்டுப் பக்கம் விசாரித்துப் பாருங்கள், நல்ல குடும்பம் என்பார்கள். என் தங்கை வசந்தாவை மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு நிலம் இருக்கிறது, மெயின் ரோட்டில் உரக்கடை இருக்கிறது. குடிக்க மாட்டார் என்று பெருமையாகச் சொல்வார்கள். குடிக்காமலேயே அடிக்கிறான். பிள்ளை இல்லை, அதுவும் அவள் குற்றமாம். இரண்டு முறை அம்மா வீட்டுக்கு ஓடிவந்தாள். இரண்டு முறையும் அவளைத் தலைக்குக் குளிக்கவைத்து, வயிறு நிறையச் சோறு போட்டு, பூ வைத்து, அம்மாவே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். தம்பி குமாரின் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். வாழாவெட்டி அத்தை வீட்டில் இருந்தால் வரன் தட்டிப்போகுமாம்.

இந்தப் பொங்கலுக்கும் அவளுக்குச் சீர் போனது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சீர் போகாவிட்டால் ஊர் காறித் துப்பும். வேனை அவள் வாசலில் நிறுத்திவிட்டுக் குமார் எனக்கு வீடியோ கால் போட்டான். கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, புதுப்பானை, பச்சரிசி, வெல்லம். தட்டில் மாப்பிள்ளைக்குச் சரிகை வேட்டி. என் சமையலறையில் உட்கார்ந்திருந்த சபீனாவும் எட்டிப் பார்த்தாள். வசந்தா வெளியே வந்தாள். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. முந்தானையால் மூடிக்கொண்டாள். குமார் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "கரும்ப எங்க சாத்தட்டும்?" என்று கேட்டான்.

"டேய், சீர எறக்காத. அவள வண்டியில ஏத்து" என்று கத்தினேன்.

"நாலு பேரு பாக்குறாங்கக்கா. நல்ல நாளும் அதுவுமா ஏன் இப்படிப் பேசுற? அங்க உக்காந்துகிட்டு ஈஸியா சொல்லிடுவ."

லைனைத் துண்டித்துவிட்டான்.

அந்த வேட்டி யாருக்கு என்று சபீனா கேட்டாள். தங்கையின் கணவனுக்கு என்றேன். கையை அப்படி ஆக்கியவனுக்கா? ஆமாம். என் ஜெர்மன்தான் பிசகிவிட்டது என்று நினைத்து, மறுபடி நிறுத்தி நிதானமாகக் கேட்டாள். எனக்கு அவள் மேலும் எரிச்சல் வந்தது. இவளும் பெரிய யோக்கியம் இல்லை. பெற்ற தாயை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு, கிறிஸ்துமஸுக்குப் பூங்கொத்தோடு போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறவள். ஆனால் அவளை யாரும் பூ வைத்து, அடித்தவன் வீட்டில் கொண்டுபோய் விட்டதில்லை.

மாப்பிள்ளை மேல் இருக்கும் கோபம் ஒரு பங்கு என்றால், வேன் பிடித்துப் போய் அவனுக்கு மரியாதை செய்கிற எங்கள் மேல் பத்துப் பங்கு. பிரிந்தால் கெட்ட குடும்பம், கை வீங்கினால் நல்ல குடும்பம் என்று எவன் எழுதிவைத்தான்?

அன்று சாயங்காலம் வசந்தாவே போன் செய்தாள். பின்னால் பஸ் இரைச்சல். "அக்கா, கெளம்பிட்டேன். தஞ்சாவூர் போற பஸ்ல ஏறிட்டேன்."

சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. இங்கே என் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, அவளிடம் பாஸ்போர்ட்கூட இல்லை. அங்கேயோ வழியெல்லாம் எங்கள் சொந்தக்காரர்கள். சித்தப்பா, பெரியம்மா, மாமா என்று அவள் கல்யாணத்தில் பந்தி பந்தியாகச் சாப்பிட்டவர்கள். ஒவ்வொருவர் வாசலாக நினைத்துப் பார்த்தேன். எல்லோரும் வாம்மா என்பார்கள், சோறு போடுவார்கள், விடிந்ததும் குமாருக்குப் போன் போடுவார்கள்.

கண்டக்டரின் குரல் கேட்டது. "எங்கம்மா எறங்கணும்?"

"அக்கா," என்றாள் வசந்தா, "எங்கன்னு சொல்லட்டும்?"