கலரக்காவின் மாத்திரை டின்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாருமில்லை. கலரக்கா என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். வீட்டு முன்னறைதான் தையல் கடை. துணியின் ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதன் கலருக்குப் பொருத்தமான நூலைக் கண்ணாலேயே எடுத்துவிடுவார். அதில் அவர் ஏமாந்ததே இல்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், நூலோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

காய்ச்சல் ஊரைப் பிடித்த சமயம் அது. ஆஸ்பத்திரிக்குப் போனால் உள்ளே பிடித்துப் போட்டுவிடுவார்கள் என்று ஆளாளுக்குக் கிளப்பிவிட்டிருந்தார்கள். மருந்துக் கடையில் வரிசை தெருமுனை வரை நின்றது. கால் கடுக்க நின்று உள்ளே போனால் கடைக்காரர் கையை விரித்தார். கலரக்கா வீட்டிலோ ஒரு பிஸ்கட் டின் நிறைய மாத்திரை. மகளுக்கு வந்த காய்ச்சல், கணவருக்கு வந்த முதுகுவலி, போன வருடம் காலமான மாமனாருக்கு இருந்த வியாதிகள் என்று எல்லாவற்றிலும் மிச்சம் விழுந்தவை. காசு கொடுத்து வாங்கியதைத் தூக்கி எறிய அவருக்கு மனசு வராது.

யார் வந்து கேட்டாலும் டின்னைத் திறந்தார். ஆளுக்கொரு அட்டை கொடுத்தால் எத்தனை பேருக்குக் காணும்? துணி வெட்டும் கத்தரிக்கோலாலேயே அட்டைகளைத் துண்டு போட்டார். மருந்தின் பெயர் எந்தத் துண்டோடு போனது என்று அவர் கவலைப்படவில்லை.

“பேரு எதுக்கு? காய்ச்சல் மாத்திரை இளமஞ்சள். வெளிச்சத்துல வச்சுப் பார்த்துட்டேன், அச்சு அசல் அதேதான்” என்றார். தெருவும் தலையை ஆட்டியது. தானாகக் காய்ச்சல் விட்டவர்கள்கூட அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

எதிர்வீட்டில் நாத்தனார் தனியாக இருந்தார். கணவரின் தங்கை, தபால் ஆபீஸில் வேலை. அப்பா இருந்தவரை மாதாமாதம் அவருக்கு மருந்து வாங்கி வந்து கொடுத்தவர். அண்ணிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். கழுத்து இறங்கிப்போன ஒரு சட்டையில் தொடங்கிய சண்டை, முகம் கொடுத்துப் பேசாத அளவுக்கு முற்றியிருந்தது. ஆனாலும் அவருக்கும் காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும் கலரக்காவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு அட்டையை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு வந்தார். நாத்தனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் கணவருக்கும் உடம்பு கொதித்தது. பஸ் டிப்போவில் மெக்கானிக், படுத்துப் பழக்கமில்லாத மனிதர். வாய் கசக்கிறது என்று கஞ்சியைக்கூடத் தள்ளிவிட்டார். மறுபாதியிலிருந்து ஒரு மாத்திரையைக் கொடுத்தார் கலரக்கா. சிறிது நேரத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

“பாரு, காய்ச்சல் இறங்குது” என்று மகளிடம் சொல்லி, இன்னொன்றையும் கொடுத்தார்.

அப்புறம் அவருக்குப் பேச்சு குழறியது. கை நடுங்கியது. கூப்பிட்டால் பதில் இல்லை. அம்மாவும் மகளுமாக ஒரு வண்டியைப் பிடித்து, எந்த ஆஸ்பத்திரிக்குப் பயந்தார்களோ அங்கேயே கொண்டுபோனார்கள்.

விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் உடனே குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். “ரத்தத்துல சக்கரை ரொம்ப இறங்கிருச்சு. என்ன மாத்திரை குடுத்தீங்க?”

கலரக்கா மீதித் துண்டை நீட்டினார். டாக்டர் திருப்பிப் பார்த்தார். வெறும் வெள்ளித்தாள்.

“பேரு எங்கம்மா?”

“வெட்டிட்டேன் டாக்டர்.”

“வீட்ல யாராவது சக்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுறாங்களா?”

“மாமனார் சாப்பிட்டாரு. இளமஞ்சளா...” என்றவர் டாக்டர் கையிலிருந்த துண்டைப் பார்த்தார்.

“பேரு தெரிஞ்சா எவ்வளவு நேரம் கவனிக்கணும்னு தெரியும். வேற யாருக்காவது குடுத்தீங்களா?”

தெருவுக்குக் கொடுத்தது வேறு அட்டை, இதன் மறுபாதி போனது எதிர்வீட்டுக்கு மட்டும்தான். எதிர்வீட்டுக்காரி தனியாகக் கிடக்கிறாள். மயங்கி விழுந்தாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. போன் போட்டார். அண்ணியின் அழைப்பை என்றைக்கு எடுத்திருக்கிறாள், இன்றைக்கு எடுக்க? மகளைக் கணவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, போன வேகத்தில் திரும்பி வந்து எதிர்வீட்டுக் கதவை இடித்தார்.

போர்வையும் சிவந்த மூக்குமாக நாத்தனார் கதவைத் திறந்தார். “என்ன அண்ணி, கதவை உடைக்கவா வந்தீங்க?”

“நான் குடுத்த மாத்திரையைச் சாப்பிட்டியா?”

“சாப்பிட்டா என்ன, சாப்பிடலைன்னா என்ன?”

“சொல்லித் தொலைடி!”

“நீங்க தைச்ச சட்டையையே நான் நம்பிப் போடுறதில்ல. மாத்திரையையா வாயில போடுவேன்? குப்பைக்கூடைல கிடக்கு.”

கலரக்கா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். ஒருவர் தன்னை மட்டம் தட்டியதற்காக அவர் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. அழுகைக்கு நடுவிலேயே கணவர் ஆஸ்பத்திரியில் கிடப்பதைச் சொல்லி முடித்தார்.

நாத்தனார் உள்ளே போய்க் குப்பைக்கூடையைக் கவிழ்த்தார். துண்டை எடுத்து வந்து நீட்டினார். மருந்தின் பெயர் அதில் முழுசாக இருந்தது.

“அப்பாவோட சக்கரை மாத்திரை. பார்த்ததுமே தெரிஞ்சுது” என்றார். “உங்ககிட்ட யாரு வந்து பேசுறதுன்னு விட்டுட்டேன் அண்ணி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

திட்டுவதற்கு வாயெடுத்த கலரக்கா, டின் நினைவுக்கு வரவே வாயை மூடிக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டர் பெயரைப் படித்துவிட்டு, நாளை வரை அவரை விடமாட்டேன் என்றார். குளுக்கோஸ் ஏறி, கணவர் கண் விழித்திருந்தார். கட்டிலின் ஒரு பக்கம் மனைவியையும் மறுபக்கம் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கீங்களே, நான் செத்துட்டேனா?” என்றார்.

மகள் சிரித்துவிட்டாள். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.