நுழைய வழியில்லாத கவுன்

தெருவில் அவளுக்குப் பெயர் போஸ்டர்காரி. பேக்கரி, பல் ஆஸ்பத்திரி, டயர் கடை, ஓரகத்தியின் தையல் கடை என்று ஒன்பது இடங்களுக்கு இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் அவள்தான் படம் போடுகிறாள். கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஒரு செல்போன் கடையில் கவர் மாட்டிக்கொண்டிருந்தாள். கடையை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருந்த இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டது இது. என்ன வேண்டும் என்று தமிழில் எழுதினால் ஏஐ நான்கு படம் வரைந்து தரும். அதில் மூன்றைத் தள்ளத் தெரிவதுதான் தொழில் என்பாள்.

எழுத்து வேலையை மட்டும் அதனிடம் விடமாட்டாள். அது தமிழைக் கொக்கி கொக்கியாகப் போடும். எழுத்தை அவளே வைப்பாள். கடைசியில், கண்புரை விழுந்த மாமனாரின் முன்னால் போனைக் கை எட்டும் தூரத்தில் பிடிப்பாள்.

"என்ன விக்கிறாங்க மாமா?"

"பல்லு" என்றால் படம் தேறியது. "என்னமோ பளபளன்னு இருக்கும்மா" என்றால் மறுபடி முதலிலிருந்து.

தையல் கடைக்கு அவள் செய்தது ஒரு சிறுமியின் படம். மஞ்சள் கவுன், அடுக்கடுக்காகச் சுருக்கம். 'இதுபோல் அழகாகத் தைத்துத் தரப்படும்' என்று கீழே எழுதியிருந்தாள். மாமனாரின் கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை. வாசகத்தைச் சுருக்கினாள், எழுத்தைப் பெரிதாக்கினாள். கடைசியில் இரண்டு சொல் நின்றது: 'நாங்கள் தைத்தது.' மாமனார் எழுத்துக்கூட்டாமல் படித்துவிட்டார்.

நான்காம் நாள் காலையில் ஓரகத்தி மாடியேறி வந்தாள். கையில் ஒரு மஞ்சள் துணி, அளவுக்கு ஒரு பழைய கவுன். டீச்சர் ஒருவர் மகளின் பிறந்தநாளுக்கு அதே கவுன்தான் வேண்டும் என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கவுன்தானே என்று இவளும் வாங்கிக்கொண்டாள். வெட்ட உட்கார்ந்தபோதுதான் படத்தைச் சரியாகப் பார்த்திருக்கிறாள்.

"இந்தச் சுருக்கம் எங்க ஆரம்பிக்குது, சொல்லு."

போஸ்டர்காரி பெரிதாக்கிப் பார்த்தாள். சுருக்கம் இடுப்பில் தொடங்கிப் பாக்கெட்டாகி, மேலே ஏறிக் கையாகிவிட்டிருந்தது. பொத்தான்கள் ஆறு இருந்தன. திறப்பு இல்லை.

"இதுக்குள்ள புள்ள எப்படி நுழையும்? போட்டுக்கிட்டே பொறந்தாத்தான் உண்டு."

முதுகுப் பக்கத்தைக் காட்டச் சொல்லலாம் என்று போஸ்டர்காரிக்குத் தோன்றியது. ஏஐயிடம் கேட்டாள். நான்கு முதுகு வந்தது, நான்கும் வெவ்வேறு கவுன். ஒன்றில் முதுகிலும் பாக்கெட்.

"திருடனுக்கு வசதி" என்றாள் ஓரகத்தி. சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக, வாங்கிய துணியை முடியாது என்று அவள் திருப்பிக் கொடுத்ததில்லை. அதைச் சொன்னாள். இனி என் கடைக்கு நீ எதுவும் போட வேண்டாம் என்றும் சொன்னாள்.

அவள் இறங்கிப் போனதும் போஸ்டர்காரி படத்தை எடுத்துவிட்டாள். டீச்சருக்குப் போன் செய்து, கவுன் விஷயமாக ஒன்று பேச வேண்டும், சாயங்காலம் கடைக்கு வர முடியுமா என்று கேட்டாள்.

டீச்சர் மகளோடு வந்தார். கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. போஸ்டர்காரி பேச ஆரம்பித்ததும் நின்றது.

"அந்தக் கவுன யாரும் தைக்கல டீச்சர். அது ஏஐ வரைஞ்சது. தைச்சதுன்னு எழுதினது நான். அக்காவுக்குத் தெரியாது."

"அப்ப பொய்யா?"

"பொய்தான்."

டீச்சர் துணிக்காகக் கையை நீட்டினார். ஓரகத்தி எழுந்து துணியையும் பழைய கவுனையும் மடித்தாள். மடிக்க வேண்டியதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

சிறுமிதான் கேட்டாள், இதில் எதையுமே தைக்க முடியாதா என்று. அம்மாவின் போனில் அந்தப் படம் இருந்தது.

ஓரகத்தி போனை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். காலையில் குறை தேடிய கண்ணால் இப்போது வேறு எதையோ தேடினாள்.

"கழுத்து வரும். கை வரும். சுருக்கம் இடுப்போட நிக்கும், மேல ஏறாது. பின்னாடி ஜிப்பு."

"பாக்கெட்?"

"தனியா வச்சுத் தரேன்."

"ரெண்டு?"

"ரெண்டு."

டீச்சர் மகளைப் பார்த்தார். நீட்டிய கையை எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொன்னார். போஸ்டர்காரியின் பக்கம் திரும்பாமலே படியிறங்கினார்.

ஓரகத்தி துணியை மேசைமேல் உதறி விரித்தாள்.

"படத்த எடுத்துட்டியா?"

"அப்பவே எடுத்துட்டேன்க்கா."

"எதுக்கு எடுத்தே? இன்னும் நாலு பேரு கேட்டிருக்காங்க. எழுத்த மாத்திப் போடு. போடறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டு."

போஸ்டர்காரி போனை எடுத்தாள்.

"அது அப்புறம். அந்த முனையப் பிடி."

பிடித்தாள். ஓரகத்தி சாக்கட்டியால், கவுனின் முதுகு வரும் இடத்தின் நடுவே ஒரு நேர்கோடு இழுத்தாள்.